ஆண்டவருக்கு ஒரு நோட்டு, பரிசுக்கு ஒரு நோட்டு

மேலே இருக்கிறவர் அறிய, நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதத்தில் போட்டிருப்பது எனக்கும் தெரியும். ஆகையால் வேதத்தின்மேல் பண்ணவில்லை, வாயில் மிச்சமிருக்கிற என் நாலு பல்லின்மேல் பண்ணுகிறேன். ஒரு வார்த்தை கூட்டிச் சொன்னேன் என்றால் நாலும் இன்றைக்கே கஞ்சிக்குள் கழன்று விழட்டும். நாலில் ஒன்று ஏற்கெனவே ஆடுகிறது, அதை இதில் சேர்க்க வேண்டாம். பொம்பளை மனசுக்குள் ஓடியது உமக்கு எப்படி ஓய் தெரியும் என்று குறுக்கே விழாதீர்கள். அன்றைக்குக் கிருபாநல்லூர் கோயில் மாதர் ஹாலில் நேசத்தின் மனசு போட்ட சத்தம், சன்னல் வழியாக வெளியே வந்து வேப்பமரத்துக் கிளிகளைக் கிளப்பிவிட்டது. நான் கண்ணால் பார்த்தேன், ஏழு கிளி.

வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. பெண்கள் ஐக்கிய சங்கத்து ஆட்கள் முப்பது பேரும் வந்து உட்கார்ந்தாயிற்று. நேசம், தபாலாபீஸ் தர்மரின் வீட்டுக்காரி, ஐம்பத்திரண்டு வயசு, நாலாவது வரிசையில் சன்னலோரம். கண்ணாடியை எடுக்கலாம் என்று பைக்குள் கையை விட்டாள். விரலில் கண்ணாடிக் கூடு படவில்லை, புறப்படும்போது வேதத்தோடு சேர்த்துப் பார்க்காமல் போட்ட நோட்டின் முதுகு பட்டது. முதுகில் வழுவழுவென்று துணி நாடா. நாடா ஒட்டியது நல்ல நோட்டு. நல்ல நோட்டு இங்கே இருக்கக்கூடாது. அது பத்து நாளாக, போட்டிக்கு நடுவரான மைனி வீட்டில் இருக்கவேண்டியது, இந்த நிமிஷம் மேடை மேசையில் அடுக்கியிருக்கிற முப்பது நோட்டில் ஒன்றாக இருக்கவேண்டியது. அது பைக்குள் கிடக்கிறதென்றால் மேசையில் கிடப்பது எது. அவளுடைய ரெண்டு நோட்டுக்கும் ஒரே காக்கி அட்டை, ஒரே லேபிள், ஒரே கையெழுத்தில் தி. நேசம் தர்மர். கொடுக்கிற அன்று அடுப்பில் பால் பொங்கியது, ஊதினாள், இறக்கினாள், அலமாரியிலிருந்து ஒன்றை உருவினாள், ஓடினாள். ஒன்றைத்தான் உருவினாள். எதை. பத்து நாள் தெரியாமலா இருந்தது என்று அவள் மனசே அவளைக் கேட்டது. தெரியாமல்தான் இருந்தது. ஏனென்றால் நோட்டைக் கொடுத்த மறுநாளே ஊரில் முப்பது பொம்பளைகளும் விடியற்காலத் தியானத்துக்கு லீவு விட்டாயிற்று, அடுத்த போட்டி வரைக்கும். நேசமும்தான். ஒரே ஒரு காலையில் எழுந்து வேதத்தைத் திறந்து நோட்டைத் தேடியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஆண்டவரே, பத்து நாள் உம்மைத் தேடாததுக்கு இப்படியா.

ரெண்டு நோட்டு எதுக்கு என்று நீங்கள் கேட்பீர்கள். ஐயரம்மா, அதாவது எங்கள் பாதிரியார் ஐயரின் வீட்டம்மா, மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தபோது சொன்னாள்: பொம்பளைகள் ஐயர் பிரசங்கத்தையே நம்பிக்கொண்டிருந்தால் போதாது, ஒவ்வொருத்தியும் தனியாக உட்கார்ந்து வேதத்தைப் படிக்கவேண்டும், படித்ததை எழுதவேண்டும். பக்கத்துக்கு மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் இந்தப் பகுதி என்ன சொல்லுது. ரெண்டாவதில் எனக்கு என்ன சொல்லுது. மூணாவதில் நான் யார்கிட்டே போய்ச் சரிபண்ணணும். பேர் போட்டு எழுதணும், அது ஆண்டவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்றாள். அதே மூச்சில், வருஷக் கடைசியில் நல்ல நோட்டுக்குப் பரிசு உண்டு, எல்லாரும் கொண்டுவந்து கொடுங்கள் என்றும் சொன்னாள். ரகசியத்துக்குப் பரிசு கொடுத்த சங்கம் உலகத்தில் இது ஒன்றுதான். கிருபாநல்லூர்ப் பொம்பளைகள் என்ன இளிச்சவாய்களா. ஆண்டவருக்கு ஒரு நோட்டு, பரிசுக்கு ஒரு நோட்டு என்று ரெண்டு போட்டுக்கொண்டார்கள். பரிசு நோட்டில் மூன்றாவது கட்டம் எல்லாருக்கும் ஒன்றுபோலவே இருக்கும்: சோம்பலை விடவேண்டும், அயலாரை இன்னும் நேசிக்கவேண்டும். அயலாருக்குப் பேர் கிடையாது. நேசத்தின் நல்ல நோட்டில் பச்சை மையில் கோடு, ஓரத்தில் திராட்சைக் கொடி. அழுக்கு நோட்டில் எண்ணெய்க் கறை, மஞ்சள் கறை, விடியற்காலம் நாலரை மணிக்குக் கண்ணில் இருந்து விழுந்த கறை, பேர்.

பேர். முதல் பேர் மைனியின் பேர். மைனி என்றால் வீட்டுக்காரரின் அக்காள், பொன்னுரத்தினம், சங்கத்துச் செயலாளர், இந்தப் போட்டிக்கு நடுவர். அதோ மேசைக்குப் பின்னால், ஆணியடித்தாற்போல உட்கார்ந்திருக்கிறாள். போன மாசம் கண்ணில் புரை எடுத்ததிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரிவதில்லை. தெரியாததினாலேயே முப்பது பேரும் தன்னைத்தான் பார்க்கிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மைனி, உங்க கண்ணு எங்க இருக்கு, என்னைப் பாக்கியளா, வாசிச்சாச்சா. வாசித்திருந்தால் இப்படி உட்கார்ந்திருப்பாளா. உட்காருவாள். புருஷன் செத்த அன்றைக்கும் வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று நாலுதரம் கேட்டவள் அவள். வாசித்திருந்தால் காலையில் தெருவில் பார்த்தபோது ஏதாவது சொல்லியிருப்பாள். காலையில் என்ன சொன்னாள். வெயில் தாழுமுன்னே வந்துருட்டி என்றாள். வெயில் தாழுமுன்னே என்றால் என்ன அர்த்தம். ஒன்றுமில்லை, வெயில்தான். இல்லை, எதற்காக என்னிடம் மட்டும் சொன்னாள். ஐயரம்மா ஆரம்ப ஜெபத்துக்கு எழுந்தாள். ஐயரம்மா ஜெபம் தொடங்கும்போது உத்தரத்தில் முதல் சுள்ளியை வைத்த காகம், ஆமென் சொல்லும்போது முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது நேசத்துக்கு நல்லதாகவே பட்டது, ஜெபம் முடியாமலே இருக்கட்டும், சாயங்காலம் ஆகட்டும், கரண்டு போகட்டும், அந்த மேசையின் கால் முறிந்து நோட்டெல்லாம் சிதறட்டும், எழுந்து ஓடிப்போய்ப் பொறுக்குகிற சாக்கில் அந்த ஒன்றை மட்டும் முந்தானைக்குள். கண்ணை மூடிக்கொண்டு அவள் வேண்டியது இதுதான். ஆண்டவருக்கு அன்றைக்குக் கேட்டவைகளில் இதுதான் மிகத் தெளிவாகக் கேட்டிருக்கும். மேசையின் கால் முறியவில்லை. தேக்கு.

"ஏட்டி நேசம், என்ன, வெயில்ல போட்ட நெத்திலி மாரி முழிக்க?" பக்கத்தில் டெய்சி அக்காள். கோயில் உபதேசியார் வீட்டுப் பொம்பளை, எலும்பும் வாயும்தான் அவள், சதை கிடையாது.

"ஒண்ணுமில்லக்கா. புழுக்கம்."

"பரிசு வருமோ வராதோன்னு பயமாக்கும். வரும்ட்டி, வரும். ஒன் மைனிதான நடுவரு. எனக்குத்தான் இந்த ஜென்மத்துல கெடையாது. எம் பேரப் பாத்தாலே அந்தம்மா நோட்ட எடுத்துக் கோழிக்கூட்டுக்கு முட்டுக் குடுத்துருவா."

டெய்சி அக்காள் சிரித்தாள். நேசமும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏனென்றால் மைனி பதினோரு வருஷமாக டெய்சி அக்காளோடு பேசுவதில்லை. கோயில் விருந்தான அசனத்தில் டெய்சி அக்காள் சோறு வைத்தால் மைனி இலையை மடக்கிவிடுவாள். கோயிலில் கைகொடுத்துச் சமாதானம் சொல்லுகிற நேரம் வந்தால் மைனிக்குச் செருப்பு வாரில் ஏதோ சிக்கிக்கொள்ளும், குனிந்துவிடுவாள். எதற்கு என்று ஊருக்கே தெரியும். மைனி மகள் எப்சிபாவின் கலியாணத்தைக் கெடுத்தது டெய்சி வாய். மாப்பிள்ளை வீட்டாரிடம் போட்டுக்கொடுத்தது டெய்சி. ஊருக்கே தெரியும், நேசம் ஒருத்தியைத் தவிர. நேசத்துக்கு வேறு ஒன்று தெரியும். இந்த எலும்புக் கை தன் கைமேல் வந்து விழுந்து, சும்மா இருட்டி என்று தட்டுகிறது, தட்டுகிற ஒவ்வொரு தட்டும் உள்ளே போய் விழுகிறது.

அது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. மைனியின் ஒரே மகள் எப்சிபாவைப் பெண்பார்க்கப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தார்கள். எப்சிக்கு அப்போது இருபத்திநாலு. விடிந்ததும் விடியாததுமாக ஓடிவந்தாள், அத்தை, நீங்கதான் எனக்குச் சேலை கட்டிவிடணும், அம்மை கட்டினா மூட்டை கட்டின மாரி இருக்கும். கொசுவத்தை மடித்து மடித்து ஊக்குக் குத்தினாள் நேசம், ஒரு ஊக்கு விரலில் ஏறிற்று, ரத்தத்தை எப்சி தன் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டாள், குழந்தை மாதிரி. மைனி வீட்டு மாடியைவிட்டுக் கீழே வந்தால் தட்டு தூக்குகிற நேரம். பழத்தட்டு, பூத்தட்டு, பலகாரத்தட்டு. நேசம் பூத்தட்டில் கை வைத்தாள். மைனி அந்தக் கையின்மேல் கை வைத்தாள். சத்தம் போடவில்லை, கோபமும் இல்லை, உப்பு போதும் என்று சொல்கிற தொனி. நீ பின்னால நில்லு நேசம், பிள்ளை பெத்த கை எடுக்கட்டும். அவ்வளவுதான். வேதக்காரர் வீட்டில், சிலுவைப் படத்துக்குக் கீழே. நேசம் பின்னால் நின்றாள். பின்னால் என்றால் அடுக்களை வாசலில், அம்மிக்குப் பக்கத்தில். எல்லாரும் தட்டோடு போனபின் ஒரு கொத்து மல்லிகை தரையில் கிடந்தது, அதைக் குனிந்து எடுக்கலாமா கூடாதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எடுக்கவில்லை. சாயங்காலம் அவர்கள் திரும்பிப் போகிறபோது தர்மருக்குத் தெரிந்தவர்கள் என்று அவள் வீட்டில் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் வந்தாள். நல்ல பொம்பளை, பச்சைச் சேலை. நீங்க பிள்ளைக்கு அத்தை இல்லியா, உள்ள விஷயம் உங்களுக்குத்தான் தெரியும், உடம்புக்கு ஒண்ணும் இல்லியே. நேசம் செம்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சின்னதுல ரெண்டு தரம் வலிப்பு வந்துருக்கு, இப்பம் ஒண்ணுமில்ல. செம்பைக் கவிழ்த்து வைத்தாள். அந்தம்மா ஓகோ என்றாள். எவ்வளவு சின்னச் சத்தம், ஓகோ.

பொய்யா சொன்னேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்றுதான் போட்டிருக்கிறது, மெய்ச்சாட்சி சொல்லாதே என்று எங்கே போட்டிருக்கிறது. வலிப்பு வந்தது மெய். ரெண்டு தரம் வந்தது மெய். கேட்டார்கள், சொன்னேன். மறைத்துக் கட்டிக்கொடுத்து நாளைக்குத் தெரிந்தால் பிள்ளையைத் திருப்பி அனுப்பமாட்டார்களா, அதைவிட இது நல்லதில்லையா. இந்த வாதத்தைப் பதினோரு வருஷம் ஓட்டி ஓட்டி அது தேய்ந்த ஆட்டுரல் மாதிரி வழுக்கிப்போயிற்று, எதையும் அரைக்காது. அந்த வரன் போயிற்று. அது போனதோடு நின்றிருந்தால் சரி. பாளையங்கோட்டையில் விழுந்த சொல் சாத்தான்குளத்துக்கு நடந்து போயிற்று, நாசரேத்துக்கு பஸ் ஏறிப் போயிற்று, ரெண்டு வலிப்பு இருபது ஆயிற்று. வருகிற வரனெல்லாம் வாசல்படியோடு திரும்பியது. எப்சிக்கு இப்போது முப்பத்தைந்து. ஒன்றாம் வகுப்பு டீச்சர், இந்நேரம் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். இன்னும் பண்டிகைக்கு அத்தைதான் சேலை கட்டவேண்டும். யார் சொன்னாவ, யார் சொன்னாவ என்று மைனி தலையில் அடித்துக்கொண்டு கேட்டபோது, அன்றைக்குச் சாயங்காலம் பாளையங்கோட்டைக்காரரை டெய்சி வழியில் நிறுத்திப் பேசினாள் என்று யாரோ சொன்னார்கள். பேசினாள்தான், பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று. நேசம் அப்போதும் அம்மிக்குப் பக்கத்தில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு தரம் திறந்ததே போதும் என்று நினைத்தாள்.

பிறகு போன லெந்து நோன்பு நாளில் யோசேப்புக் கதை வந்தது. சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் அட்டைப் படத்தோடு படித்த கதை. விடியற்காலம், கொசுவர்த்திப் புகை, முதல் கட்டத்தை எழுத ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். தம்பியை விற்ற அண்ணன்மார் அப்பனுக்கு முன்னால் ரத்தம் தோய்ந்த அங்கியை நீட்டி, உம்ம மகனுடையதுதானா பாரும் என்கிறார்கள். செத்தான் என்று ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. அப்பனே சொல்லிக்கொள்கிறான். இத்தனை வருஷம் கேட்டும் இது தெரியவில்லையே. அதற்குப் பிறகு அவர்கள் அத்தனை வருஷமும் அந்த அப்பனோடு ஒரே சட்டியில் கைவைத்துச் சாப்பிட்டார்களே, எப்படி இறங்கியது. அவன் அழும்போது எந்தப் பக்கம் பார்த்தார்கள். பத்து அண்ணன்மார் வீட்டுப் பொம்பளைகளில் ஒருத்திக்காவது தெரியாமலா இருக்கும், தெரிந்தவள் மாமனாருக்கு எந்த முகத்தோடு கஞ்சி ஊற்றினாள். வேதத்தில் அது இல்லை. வேதத்தில் இல்லாததுதான் அன்றைக்கு அவளைப் பிடித்துக்கொண்டது. ரெண்டாவது கட்டத்தில் எழுதினாள்: நானும் பொய் சொல்லவில்லை. மெய்யைத்தான் சொன்னேன். மெய்க்காகச் சொல்லவில்லை. மூன்றாவது கட்டத்தில் பேர் எழுத ஆரம்பித்தாள், கட்டம் போதவில்லை, கோட்டைத் தாண்டிற்று, பக்கத்தைத் திருப்பி மறுபக்கமும் எழுதினாள், பூத்தட்டையும் எழுதினாள், மல்லிகைக் கொத்தையும் எழுதினாள். எழுதி முடித்தபோது காக்கை கரைந்தது. அன்றைக்குப் பகல் முழுதும் உடம்பு லேசாக இருந்தது. அதுதான் அவள் செய்த தப்பு. எழுதினதையே போய்ச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தைத்தான் மைனி வாசித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏதோ ஒரு பாட்டு முடிந்தது, எல்லாரும் உட்கார்ந்தார்கள், நேசம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள், டெய்சி அக்காள் சேலையைப் பிடித்து இழுத்தாள். மேடையில் மைனி மேசைமேல் கையால் தடவி ஒரு சீசாவை எடுத்து, தலையை அண்ணாந்து, கண்ணாடியைத் தூக்கி, மருந்து விட்டுக்கொண்டாள். ரெண்டு சொட்டு. நேசம் அந்தச் சொட்டைப் பார்த்தாள். மருந்து. கண் ஆஸ்பத்திரி. நாற்பது நாளைக்கு அடுப்புப் பக்கம் போகக்கூடாது, குனியக்கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, ஒரு எழுத்து வாசிக்கக்கூடாது. டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டினவளே நேசந்தான். வாசிக்கவில்லை! மைனி வாசிக்கவே இல்லை! ஹாலுக்குள் காற்று வந்தது, மின்விசிறி சுற்றுவது முதல்தடவையாகத் தெரிந்தது, டெய்சி அக்காளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தக் காற்று மூன்று மூச்சுக்குத்தான் வந்தது. அப்படியானால் முப்பது நோட்டையும் யார் வாசித்தது. மைனி வீட்டில் வாசிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் ஒன்றே ஒன்று.

எப்சி. பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, அம்மை பக்கத்தில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவோடு. அதுதான் அவள் உட்காரும் விதம், ஒரு காலை மடித்து. சத்தமாக வாசித்திருப்பாள். நேசத்தின் முறை வந்ததும் ஆசையாக எடுத்திருப்பாள், அம்மா இது அத்தை நோட்டு என்று சொல்லியிருப்பாள், கறையைப் பார்த்து, என்ன அத்தை இப்படிப் போட்டிருக்காங்க என்று சிரித்திருப்பாள். சிரித்துக்கொண்டே பக்கம் திருப்பியிருப்பாள். எந்த வார்த்தையில் சிரிப்பு நின்றது. யோசேப்பிலா. பாளையங்கோட்டையிலா. வலிப்பு என்கிற வார்த்தையை வாய்விட்டு வாசித்தாளா, பாதியில் நிறுத்தினாளா. மைனி திட்டினால் தாங்கலாம், மைனி மண்ணை வாரி இறைத்தால் தாங்கலாம், மைனியிடம் சொல்ல நேசத்துக்கும் ஒரு பூத்தட்டு இருக்கிறது. எப்சியிடம் சொல்ல என்ன இருக்கிறது. அந்தப் பிள்ளை விரலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சினாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எப்சி வந்து பக்கத்தில் உட்காரவில்லை, தலைவலி என்று பின்வரிசையில் இருந்தாள். தலைவலி என்றே நினைத்தேனே. தைலம் கொடுத்து அனுப்பினேனே. ஆண்டவரே, தைலம் கொடுத்து அனுப்பினேன்.

"முதல் பரிசு," என்றாள் மைனி மேடையிலிருந்து. "நான் ஒண்ணும் வாசிக்கல, கண்ணு இருக்க இருப்புல. எம் மகதான் எல்லாத்தையும் எனக்கு வாசிச்சுக் காட்டி மார்க்குப் போட்டா. எனக்கென்னமோ ஐயரம்மா நோட்டுதான் நல்லாப் பட்டுது."

"ஐயையோ, நான் போட்டிக்கு இல்லம்மா," என்றாள் ஐயரம்மா.

"அதத்தான் அவளும் சொன்னா. பொறகு ஒத்தக் கால்ல நின்னா, முதல் பரிசு அத்தைக்குத்தான்னு. இதென்னட்டி நோட்டு, தோசைக்கல்லத் தொடச்ச துணி மாரி வாடை அடிக்கின்னேன். அதுக்கு அவ சொல்லுதா, இந்த முப்பதுல வேதத்த உள்ளபடி படிச்ச நோட்டு இது ஒண்ணுதாம்மா, மத்ததெல்லாம் டிராயிங்குன்னு. நான் என்னத்தக் கண்டேன். அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நேசம், வா."

"சொன்னேம்லா?" டெய்சி அக்காள் விலாவில் இடித்தாள். "எந்திரிட்டி. கால்ல பசையா ஒட்டியிருக்கு?"

நாலாவது வரிசையிலிருந்து மேடைக்குப் பதினாறு எட்டு. நேசம் நடந்தது எனக்குத் தெரிந்து ஒன்பது மைல். மற்றதெல்லாம் டிராயிங். உள்ளபடி படிச்ச நோட்டு. கேலியா, கோபமா, ஒரு பிள்ளை இப்படியும் பழிவாங்குமா, பழிவாங்கட்டும், வாங்க அவளுக்கு இல்லாத உரிமையா. மைனி எவர்சில்வர் தூக்குச்சட்டியை நீட்டினாள், மேலே நோட்டு. எண்ணெய்க் கறை மேலே பார்த்துக் கிடந்தது. ஐயரம்மா கைதட்டினாள், எல்லாரும் தட்டினார்கள், டெய்சி அக்காள் எழுந்து நின்று தட்டினாள். நேசத்தின் விரல் தானாகவே அந்தப் பக்கத்தைத் திறந்தது. எத்தனையாவது பக்கம் என்று விரலுக்குத் தெரியும். மூன்றாவது கட்டத்துக்குக் கீழே, சிவப்பு மையில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதுகிற உருண்டை எழுத்தில்: கையெழுத்து, நன்று. பாவ அறிக்கை, பதினோரு வருஷம் தாமதம். இந்தப் பக்கத்தை அம்மைக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. அதை வாசிக்கவேண்டிய ஆள் நான் இல்லை. கடைசி வார்த்தையில் பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. அத்தை என்று மேலே கூப்பிட்டு எழுதவில்லை. கீழே பேரும் போடவில்லை.

"பரிசு வாங்கினவ ஒரு பக்கம் வாசிக்கணும். அதான் வழக்கம்," என்றாள் மைனி. "வாசி, எல்லாரும் கேக்கட்டும்."

வழக்கம். வருஷாவருஷம் நடக்கிறதுதான். அன்பைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, நாலு பக்கம் தள்ளி. பொறுமையைப் பற்றி ஒன்று இருக்கிறது, அதில் பேர் ஒன்றும் இல்லை, தாளம் போட்டால் பாட்டாகவே பாடலாம். வாசித்துவிட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், தர்மருக்கு வடை வாங்கிப் போகலாம். பிறகு ராத்திரியோ நாளைக்கோ மைனி வீட்டுக்குப் போய்த் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாக. நாளைக்கு. பதினோரு வருஷமும் இந்த நாளைக்குத்தான். கதவைச் சாத்திக்கொண்டு சொன்னால் டெய்சி அக்காளுக்கு எப்படிக் கேட்கும். சிவப்பு மை அந்தப் பக்கத்தைவிட்டு விரலை எடுக்கவிடவில்லை. மைனியின் கண்ணாடிக்குள் ரெண்டு சின்ன நேசங்கள் நோட்டோடு நின்றார்கள், ரெண்டு பேரும் இவளைப் பார்த்தார்கள்.

"டெய்சி அக்கா," என்றாள் நேசம். "நீங்க முன்னால வந்து உக்காருங்க."

"நான் எதுக்குட்டி?"

"வாங்களேன்."

டெய்சி அக்காள் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, முதல் வரிசைக்கு வந்து, மைனியிடமிருந்து முடிந்த தூரத்தில் ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். மைனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேசம் முதல் கட்டத்தை வாசித்தாள். குரல் வேறு யாருடையதோ மாதிரி வந்தது. ரெண்டாவதை வாசித்தாள். பச்சைச் சேலையை வாசித்தாள், செம்பை வாசித்தாள், ரெண்டு தரம் என்பதை வாசித்தாள். மூன்றாவது கட்டத்தில் இருந்த மூன்று பேரையும் வாசித்தாள்: மைனியிடம், எப்சியிடம், ஒன்றும் செய்யாமலே பழி சுமந்த டெய்சி அக்காவிடம். முப்பது பொம்பளைகள் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு அமைதி உண்டாகும் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், பல்லின்மேல் சத்தியம், உத்தரத்துக் காகம்கூடக் கூட்டைவிட்டு எட்டிப் பார்த்தது. டெய்சி அக்காளுக்கு வாய் திறந்தபடியே நின்றது. அவள் பிறந்ததிலிருந்து அப்படி ஆனதில்லை. மேசைமேல் இருந்த மைனியின் கை, மேசை விளிம்பைப் பிடித்தது, விட்டது, மறுபடி பிடித்தது. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கியது, மருந்தோ என்னமோ.

"முடிஞ்சிட்டா?" என்றாள் மைனி கடைசியில். குரலில் ஈரமும் இல்லை, சூடும் இல்லை.

"இல்ல மைனி. மறுபக்கம் இருக்கு." நேசம் தாளின் நுனியைப் பிடித்தாள். "அதுல நீங்க வாரிய. பூத்தட்டு வருது."

மைனி யோசித்தாள். அவளுக்கு நினைவு வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் எண்ணவில்லை. வந்தது என்பது மட்டும் அந்தக் கை மேசையைவிட்டு மடிக்கு இறங்கியதில் தெரிந்தது.

"வாசி," என்றாள்.

நேசம் பக்கத்தைத் திருப்பினாள்.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும், இதற்குமேல் சன்னலைச் சாத்திவிட்டார்கள். இதை யார் சொன்னது என்று எவராவது கேட்டால் என் பேரை எடுத்துவிடாதீர்கள், புண்ணியமாய்ப் போகும். மாதர் ஹால் சன்னலுக்குக் கீழே மணியடிக்கிற கிழவனுக்கு என்ன வேலை என்று ஐயர் கேட்பார். டெய்சி அக்காள்தான் சொன்னாள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். வேண்டாம், வேண்டாம். பாவம், அவளுக்கு ஒருதரம் ஆனதே போதும்.